மேற்கே நூற்றறுபது ஏக்கர்

நான் வேலைக்குச் சேரும் கம்பெனிகளுக்கு ஆயுசு கம்மி. முதல் கம்பெனி பெங்களூர் ஹெப்பகோடியில், நான் சேர்ந்த வருஷமே பூட்டிக்கொண்டது. அடுத்தது கோரமங்களாவில், ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் வாசலில் வேறு யாருடைய போர்டையோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதுதான் மல்லேஸ்வரத்தில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த இது. "இதுவும் மூடிச்சுன்னா பேசாம பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடணும் தமயந்தி, சொல்லிட்டேன்" என்று என் அண்ணன் சுப்ரமணியன் கறாராகச் சொல்லியிருந்தார். அவருக்கு அத்திபெலேயில் எஸ்.டி.டி. பூத்தோடு ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். நான் எம்.சி.ஏ. படித்தவள். ஊரான் ரேஷன் கார்டை முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுக்கவா ராத்திரி பகல் பார்க்காமல் படித்தேன்? அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் அமெரிக்கக் குடும்பங்களை மாட்டுவண்டியில் ஏற்றி மேற்கே அனுப்பும் வேலையை நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

1999இல் எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வேலைதான். ஒஹையோவில் ஒரு பாடப்புத்தகக் கம்பெனி கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில், கிழக்கே இருந்த ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பி, ஆறு மலை பாலைவனமெல்லாம் தாண்டிக் கண்டம் முழுக்கப் பரவிய கதை. அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்து சி.டி.யில் கொடுக்க வேண்டும். பிள்ளை ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும், வண்டியில் மாவும் உப்பும் வெடிமருந்தும் ஏற்றும், வழியில் காலராவுக்குத் தப்பி மேற்கே போய்ச் சேரும். சேர்ந்துவிட்டால் அரசாங்கம் நூற்றறுபது ஏக்கர் நிலம் இலவசமாகக் கொடுக்கும். வயலின் இசை, கைதட்டல், முடிந்தது.

நான் டெஸ்டர். என் வேலை குடும்பங்களைச் சாகடிப்பது. எங்கெல்லாம் விளையாட்டு உடையும் என்று பார்க்க ஆற்றில் முழுக வைப்பேன், பட்டினி போடுவேன், மாட்டை விற்றுவிட்டு வண்டியை நகர்த்தப் பார்ப்பேன். "இன்னா மேடம், இன்னிக்கு யாரு காலி?" என்று கேட்டுக்கொண்டேதான் முனிராஜ் உள்ளே வருவான். அவன் அல்சூர்காரன், எங்களுடைய ஓவியன். முன்பு கல்யாண பேனர் எழுதிக்கொண்டிருந்தவன் என்பதால் வண்டிக்காரனின் முகத்தில்கூட ஒரு மாப்பிள்ளைக் களை இருக்கும்.

முதல் வம்பு அவனால்தான் வந்தது. அமெரிக்க மாட்டுக்குக் கொம்பில் மஞ்சளும் சிவப்பும் பூசி, கழுத்தில் சலங்கை மாலையும் போட்டுவிட்டான். "இது என்ன திருவிழாவா?" என்று ஒஹையோவிலிருந்து மெயில் வந்தது. முதலாளி ஹரிஷ்குமாருக்கு வியர்த்துவிட்டது. அவர் வீட்டில் தமிழ் பேசுவார், தெருவில் கன்னடம் பேசுவார், பயம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பேசுவார். "அய்யோ முனிராஜு, ஏனு மாடிதியப்பா, மாட்டுக்கு எதுக்குய்யா பெயிண்ட்டு?" என்றார். முனிராஜ் சலங்கையைக் கழற்றினான். "வெறுங்கழுத்தா ஒரு மாடு நூறு மைல் போவுமா சார்?" என்று நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வம்பு கோவிந்தராஜன். புரோகிராம் எழுதுகிறவர், ஆம்பூர் பக்கத்து ஆள், கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களுக்குச் சனியன். ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கிளம்புகிற குடும்பங்களுக்கு மட்டும் வண்டிச் சக்கரம் உடைகிறதே, ஏன் என்று ஒஹையோவில் கேட்டார்கள். நான் அதைத் தற்செயல் என்று நினைத்திருந்தேன். நேரே போய்க் கேட்டேன்.

"அன்னிக்கு மேற்கே சூலம் மேடம்" என்றார், தலையைக்கூடத் திருப்பாமல். "விபத்துக்கு எதாவது ஒரு கணக்கு வைக்கணும்னு அவங்க எழுதிக் குடுத்த ஸ்பெக்ல இருக்கு. என்ன கணக்குன்னு இல்ல. நான் நாள்காட்டியப் பாத்து வெச்சேன்."

"அவங்க அமெரிக்காக்காரங்க!"

"திசை எல்லாருக்கும் ஒண்ணுதானே? பரிகாரமும் வெச்சிருக்கேன். வெல்லம் அவங்ககிட்ட இருக்காது, சர்க்கரை மூட்டை ஏத்தினா சக்கரம் உடையாது."

அதற்குப் பிறகு வந்த மெயில் நறுக்கென்று இருந்தது. பாடத்துக்குப் பொறுப்பான மௌரீன் என்கிற அம்மா நேரில் வருகிறார். முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய டீச்சராம். அவர் தன் கையால் ஒரு ஆட்டம் முழுசாக ஆடிப் பார்ப்பார். இன்னொரு கோளாறு கண்ணில் பட்டால் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஹரிஷ் சார் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அவ்வளவுதான்ப்பா, அப்புறம் நான் கீழ மில்லுல மாவு அரைக்கவேண்டியதுதான்" என்றார். என் கண்முன்னே அத்திபெலே நாற்காலி வந்து நின்றது.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஆற்றையும் ஒவ்வொரு மலையையும் சலித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தப்பும் இல்லை. "யாரும் இனிமே எதையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கோவிந்தராஜன் தொட்டார். அதுவும் திங்கட்கிழமை காலையில், மௌரீன் வருவதற்குச் சற்றுமுன்.

ஏன் தொட்டார் என்றால் அவருக்கு நாகரபாவி பக்கம் வீடு கட்ட ஒரு சைட் வாங்கும் யோசனை. அந்தக் காலத்தில் பெங்களூரே மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நேற்று ராகிக்காடு, இன்றைக்குக் கல் நட்ட லேஅவுட். சித்தப்பா ஒருவர் ஒரே சைட்டை மூன்று பேருக்கு விற்ற ஆளிடம் வாங்கி ஏமாந்ததிலிருந்து கோவிந்தராஜனுக்குப் பத்திரம் என்றால் பேய் பிடித்த மாதிரி. சனிக்கிழமைதோறும் வக்கீல் வீட்டில் உட்கார்ந்து வில்லங்கம் பார்ப்பார். இவன் யாரிடம் வாங்கினான், அவன் யாரிடம் வாங்கினான் என்று பின்னாலேயே போய், முதல் சொந்தக்காரன் பெயர் இருக்கும் தாய்ப்பத்திரம்வரை தொட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். டிபன் டப்பா திறக்கும்போதுகூட அந்தப் பேச்சுதான்.

மௌரீன் வந்தார். வெள்ளைத் தலை, பருத்திச் சட்டை, காலில் ஓட்டப்பயிற்சி ஷூ. ஃபில்டர் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

அவர் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரையே குடும்பத்துக்கு வைத்தார். நிஜமாகவே அந்தக் காலத்தில் ஒஹையோவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வண்டி கட்டிப் போனவராம். வண்டி கிளம்பியது. ஆற்றைத் தாண்டியது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது "அச்சச்சோ" என்று நிஜமாகவே பதறினார். குழந்தை பிழைத்ததும் முனிராஜைப் பார்த்துச் சிரித்தார். மாடு வெறுங்கழுத்தோடு நடந்தது. ஹரிஷ் சார் என் பின்னால் நின்று ராகவேந்திரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி மலையும் ஏறி இறங்கிப் பச்சைப் பள்ளத்தாக்கு தெரிந்தது. நான் மூச்சை விட்டேன். இதோ வயலின் வரப்போகிறது.

வயலின் வரவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்தது.

'இந்த நிலம் உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது?'

நான் எழுதச் சொல்லாத, ஒஹையோ கேட்காத, வெள்ளிக்கிழமை வரைக்கும் இல்லாத கேள்வி. திரும்பிக் கோவிந்தராஜனைப் பார்த்தேன். அவர் கவனமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌரீன் 'அரசாங்கம்' என்று அடித்தார்.

'அரசாங்கத்துக்கு யாரிடமிருந்து வந்தது?'

அவர் கொஞ்சம் யோசித்து, 'யாருமில்லை' என்று அடித்தார்.

'விற்றவர் பெயர் இல்லாத பத்திரம் செல்லாது. இந்த நிலம் உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது?'

'அரசாங்கம்.' 'அரசாங்கத்துக்கு யாரிடமிருந்து வந்தது?' விட்டால் ராத்திரிவரை கேட்டுக்கொண்டேயிருக்கும் போலிருந்தது. ஹரிஷ் சார் ஒயரைப் பிடுங்கக் குனிந்தார். மௌரீன் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"இது யார் வேலை?"

கோவிந்தராஜன் கை தூக்கினார். "மேடம், நூற்றறுபது ஏக்கர் சும்மா குடுக்கறாங்கன்னா பேப்பரப் பாக்காம எப்படி வாங்கறது? பிள்ளைங்களுக்கு இப்பவே பழக்கணும். சனிக்கிழமை எங்க வக்கீல்கூட இதையே சொன்னார்."

"என் கொள்ளுத்தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த பத்திரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த நிலம் இன்றைக்கும் எங்களுடையது" என்றார் மௌரீன். குரலில் சூடு ஏறியிருந்தது.

"அதுக்கு முந்தின பத்திரம் இருக்கா மேடம்?"

"இல்லை."

"அப்ப ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கோவிந்தராஜன், அக்கறையோடு, தன் சித்தப்பாவிடம் பேசுவதுபோல. "அத விக்க கிக்கப் போயிடாதீங்க. வாங்கறவன் கண்டிப்பா கேப்பான்."

மௌரீன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கீழே மில் ஓட ஆரம்பித்தது, மேஜையெல்லாம் ஆடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாங்க போங்க மரியாதையெல்லாம் பறந்துபோயிற்று.

"யோவ் கோவிந்தராஜு, உனக்கு மண்டையில எதாவது இருக்காய்யா? தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? உன் சைட்டுக்கு வில்லங்கம் பாக்கறேன்னு எங்க எல்லார் பொழப்புலயும் மண்ண அள்ளிப் போட்டியே! நான் போயி ஜெராக்ஸ் கடையில உக்காரணுமா?"

"தப்புன்னா காட்டுங்க மேடம், எடுத்துடறேன்" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "எந்த வரி தப்பு?"

எந்த வரியும் தப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. டெஸ்டராக நான் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவேன்? கேட்கக்கூடாததைக் கேட்கிறது என்றா? ஆனால் எனக்கு வேலை வேண்டும். மூளை கன்னாபின்னாவென்று ஓடியது. காலையில் பேப்பரில் நான் தினமும் புரட்டித் தள்ளும் அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. பால்கனிக்கு ஓடினேன்.

"மேடம், இதுக்கு எங்க ஊர்ல ஒரு வழி இருக்கு" என்றேன். "பழைய பேப்பர் சரியா இல்லாத இடத்த வாங்கும்போது வக்கீல் நியூஸ்பேப்பர்ல பொது அறிவிப்பு போடுவார். 'இந்த இடத்த எங்க கட்சிக்காரர் வாங்கப் போறார், யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஏழு நாளைக்குள்ள சொல்லுங்க'ன்னு. ஏழு நாள்ல யாரும் வரலேன்னா வேலை முடிஞ்சது. நம்ம ஆட்டத்துலயும் அப்படி ஒரு அறிவிப்பு போட்டுடலாம். ஒரு கட்டம் குடுப்போம், ஆட்சேபம் இருந்தா எழுதட்டும். எழுதலேன்னா வயலின்."

மௌரீன் திரும்பினார். "யாராவது வருவார்களா?"

"எங்க மேடம்! பொடி எழுத்துல போடுவாங்க. நான் இத்தனை வருஷமா பாக்கறேன், அதப் படிச்சு ஒருத்தன் வந்ததா கேள்விப்பட்டதே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இந்த யோசனை வந்திருக்கலாம், குறைந்தபட்சம் பொடி எழுத்திலாவது" என்றார். "போடுங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கிறேன். அங்கே ஓடினால் ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஓடாவிட்டால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது."

கோவிந்தராஜன் அறிவிப்பை எழுதினார். வக்கீலிடம் போய் வாசகத்தைச் சரிபார்த்துக்கொண்டும் வந்தார், சொன்னால் கேட்கிற ஆளா? முனிராஜ் அதை ஒரு மரத்தில் ஆணி அடித்து மாட்டின மாதிரி வரைந்தான். "ரொம்பப் பெருசா வரையாதே, பொடியா இருக்கட்டும்" என்றேன். அவன் கேட்கவில்லை. திரை முழுக்க வரைந்தான். மௌரீன் சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார்.

காத்திருப்பது போன்ற அவஸ்தை வேறு இல்லை. ஹரிஷ் சார் மெயில் வந்ததா என்று பார்க்க டயல்அப் இன்டர்நெட்டைப் போட்டுக்கொண்டே இருந்ததில், டெலிபோன் லைனே எங்களுக்கு இல்லாமல் போயிற்று. அண்ணன் நான் குடியிருந்த வீட்டு ஓனர் நம்பருக்கு போன் பண்ணி, "கடைக்கு லேமினேஷன் மெஷினும் வந்துடுச்சு, நீ வந்து ஓட்டிப் பாரு" என்றார். கோவிந்தராஜனோடு நான் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். அவர் தினமும் என் மேஜையில் ஒரு கடலை மிட்டாய் வைத்துவிட்டுப் போவார். அதைத் தின்பேன், பேசமாட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மெயில் வந்தது. ஹரிஷ் சார் என்னை வாசிக்கச் சொன்னார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

பிள்ளைகள் கட்டத்தில் எழுதிய ஆட்சேபங்களை மௌரீன் அப்படியே அனுப்பியிருந்தார். ஒருவன், 'என் மாடு செத்ததற்கு நஷ்டஈடு கொடுக்காமல் யாரும் நிலம் வாங்கக்கூடாது' என்று எழுதியிருந்தான். ஒருத்தி, 'என் தம்பிக்குப் பாதி கொடுப்பதை ஆட்சேபிக்கிறேன், அவன் வழியெல்லாம் வாந்திதான் எடுத்தான்' என்று எழுதியிருந்தாள். முனிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்ததை வாசித்தேன்.

'நான் ஆட்சேபிக்கிறேன். வண்டிகள் வருவதற்கு முன்பே என் அம்மாவின் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். எங்களை அனுப்பிவிட்டார்கள். அறிவிப்பு எங்களுக்கு இப்போதுதான் கிடைத்தது. ஏழு நாள் போதாது. தயவுசெய்து இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள்.'

கீழே மௌரீன் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வகுப்பில் அந்தப் பெண் இதுவரை வாயைத் திறந்து பேசியதே இல்லையாம்.

யாரும் வரமாட்டார்கள் என்று நான்தானே அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நான் கண்டுபிடித்த குறுக்குவழியில் ஒரு குழந்தை வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது, அதுவும் தயவுசெய்து என்று சொல்லிக்கொண்டு. வெட்கமாக இருந்தது.

"எங்க லைன் வீட்டு சுவத்துலயும் காலி பண்ணச் சொல்லி ஏழு நாள்னுதான் ஒட்னாங்க" என்றான் முனிராஜ். "எங்கம்மா படிக்கத் தெரியாம அதுமேலயே கோலமாவு டப்பாவ மாட்டி வெச்சிருந்துச்சு." சொல்லிவிட்டு மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மீதியைப் படிம்மா" என்றார் ஹரிஷ் சார் மெதுவாக. "கையெழுத்து போட்டாங்களா இல்லியா?"

படித்தேன். அந்த ஆட்சேபம் வந்தபிறகு வகுப்பில் ஒருவரும் சாப்பாட்டு மணிக்குக்கூட எழுந்திருக்கவில்லையாம். மூன்று நாளாகச் சண்டையாம்: நிலத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டும், கூடாது, பாதி கொடுக்கலாம், அவர்களையே கேட்கலாம். தன் முப்பது வருஷத்தில் இந்தப் பாடத்துக்கு இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார் மௌரீன். கம்பெனி எடுத்துக்கொள்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் ஒரு வேலை பாக்கி. ஆட்சேபம் வந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று ஆட்டத்தில் ஒன்றுமே இல்லையே, அதையும் எழுதி முடித்துக் கொடுங்கள்.

ஹரிஷ் சார் கைதட்டக் கையைத் தூக்கி, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கீழே போட்டார்.

"ஆட்சேபம் வந்தா உங்க வக்கீல் என்ன செய்வார்?" என்று கோவிந்தராஜனைக் கேட்டேன். பல நாளைக்கப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"உக்காந்து பேசணும்னுவார். பேசித் தீர்றவரைக்கும் ஒரு கல்லுகூட நடக்கூடாது." அவர் அதற்குள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "மொதல்ல இந்த ஏழு நாள எடுத்துடறேன். அந்தப் பொண்ணு நியாயமாத்தான் கேக்குது."

"எடுத்துட்டு எத்தனை நாள் போடுவே?" என்றார் ஹரிஷ் சார்.

"கெடு வேண்டாம் சார்."

"கெடு இல்லேன்னா ஆட்டம் எப்பப்பா முடியும்?"

கோவிந்தராஜன் நிஜமாகவே யோசித்தார். "ரெண்டு கட்சியும் பேசி முடிக்கறப்ப சார். அதுவரைக்கும் நாமதான் எழுதிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். அவங்க என்ன கேப்பாங்க, இவங்க என்ன சொல்வாங்கன்னு. லேசுல தீராது."

ஹரிஷ் சார் மெயிலை மறுபடி ஒருமுறை படித்தார். "தீராட்டி பரவால்ல, பிடு, விட்டுத்தள்ளு" என்று சொல்லிவிட்டு, கீழே போய்த் தானே எல்லோருக்கும் காபி வாங்கிவந்தார்.

நான் டெலிபோனை எடுத்து அத்திபெலேக்குப் போட்டேன். அண்ணன்தான் எடுத்தார். மூடிவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லண்ணா" என்றேன். "நீ கடைக்கு வேற ஆளப் பாத்துக்கோ. இங்க ஒரு பொண்ணு ஆட்சேபம் சொல்லியிருக்கா. அது தீர்றவரைக்கும் நான் வரமுடியாது."